பொலினீசியர்களின் கொலஸ்ட்ரால்: மரபணு எவ்வளவு, தேங்காய் எவ்வளவு?

“பொலினீசியர்களுக்கு மட்டுமே உள்ள மரபணுத் திரிபு கண்டுபிடிப்பு” என்று சில ஆண்டுகளாகவே அவ்வப்போது ஒரு செய்தி வருகிறது. ஒரு செய்தியில் அந்தத் திரிபு உடல் எடையைக் கூட்டுகிறது. இன்னொன்றில் நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. மூன்றாவதில் அதே நல்ல கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. தலைப்பை மட்டும் படிப்பவருக்கு எது உண்மை என்றே புரியாது. அப்புறம் தேங்காய் விவாதம் வேறு. “அந்தத் தீவுக்காரர்கள் தேங்காயையே சாப்பிட்டு மாரடைப்பு இல்லாமல் வாழ்ந்தார்கள்” என்ற செய்தி, தேங்காய் எண்ணெய்க்கு ஆதரவாக நம் பக்கமும் சுற்றுகிறது.

மூன்று செய்திகளுமே சரிதான், ஏனென்றால் அவை மூன்று வெவ்வேறு மரபணுக்களைப் பற்றியவை. தேங்காய்க் கதையில் பாதி சரி, மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில், யார் இவர்கள்?

பசிபிக் பெருங்கடலின் வரைபடத்தில் வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, கிழக்கே ஈஸ்டர் தீவு என்று மூன்று புள்ளி வைத்து ஒரு முக்கோணம் போடுங்கள். அதற்குள் இருப்பதுதான் பொலினீசியா. சமோவா, டோங்கா, டோக்கெலாவ், குக் தீவுகள், டஹிட்டி எல்லாம் இதற்குள் அடக்கம். நியூசிலாந்தின் மாவோரி மக்களும் பொலினீசியர்களே.

இவர்களின் முன்னோர் படகிலேயே வந்தவர்கள். சமோவா, டோங்கா பகுதிக்கு ஏறக்குறைய 2,800 ஆண்டுகளுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டார்கள். அதற்குக் கிழக்கே உள்ள தீவுகளில் குடியேற இன்னும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஆயின. நியூசிலாந்துக்குப் போனது 13ஆம் நூற்றாண்டு வாக்கில்.

மரபணுக் கணக்கில் முக்கியமானது, ஒவ்வொரு முறையும் ஒரு சிறு கூட்டம்தான் கிளம்பிப் போனது என்பதே. சமோவா மக்களின் மரபணுவை வைத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே ஆரம்பத்தில் இனப்பெருக்கத்தில் பங்கெடுத்த மக்கள்தொகையை 700க்கும் 3,400க்கும் இடையில் கணிக்கிறது. ஒரு பெரிய கிராமத்தின் அளவு, அவ்வளவுதான்.

இதனால் என்ன ஆகிறது? ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. சொந்த ஊரில் ஒரு திரிபு ஆயிரம் பிரதிகளுக்கு ஒன்று என்ற அளவில் அபூர்வமாக இருக்கிறது என்று வையுங்கள். 40 பேர் படகேறுகிறார்கள், அதாவது 80 பிரதிகள். அதில் ஒரே ஒருவரிடம் அந்தத் திரிபு இருந்தாலும், புதுத் தீவில் அது எண்பதுக்கு ஒன்று ஆகிவிடுகிறது. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் ஒரு நன்மையும் இருக்க வேண்டியதில்லை. அந்த ஆள் அந்தப் படகில் ஏறினார் என்பது மட்டுமே காரணம். இதை நிறுவனர் விளைவு என்பார்கள். மறுபக்கம், படகில் ஏறாதவரின் திரிபு புதுத் தீவில் இல்லாமலே போகும். உலகில் வேறெங்கும் தென்படாத திரிபுகள் பொலினீசியர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவதற்கு இதுவே பெரிய காரணம்.

பரிசோதனைத் தாளில் உள்ள மூன்று எண்கள்

கொலஸ்ட்ரால் கொழுப்பு வகைப் பொருள், தண்ணீரில் கரையாது. இரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அதனால் கொழுப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த சிறு உருண்டைகளை உடம்பு பயன்படுத்துகிறது. லேப் ரிப்போர்ட்டில் வரும் பெயர்கள் இந்தப் போக்குவரத்தைப் பற்றியவைதான்.

1. எல்டிஎல்: கல்லீரலிலிருந்து கிளம்பிய கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் உருண்டை. இது அதிகமாகி இரத்தக் குழாய்ச் சுவருக்குள் புகுந்து படிவதுதான் மாரடைப்பின் ஆரம்பம். “கெட்ட கொலஸ்ட்ரால்” என்ற பெயர் இதற்குப் பொருந்தும்.

2. எச்டிஎல்: திசுக்களிலிருந்து கொலஸ்ட்ராலைத் திரும்ப எடுத்துவருவது. “நல்ல கொலஸ்ட்ரால்” என்கிறோம். இந்தப் பெயர் பாதிதான் பொருத்தம், ஏன் என்று கீழே வரும்.

3. ட்ரைகிளிசரைடு: இது கொலஸ்ட்ரால் இல்லை, எரிபொருளாகப் பயன்படும் கொழுப்பு. மாவு, சர்க்கரை, மது, எடை இவற்றோடு சேர்ந்து ஏறும். இது ஏறினால் பெரும்பாலும் எச்டிஎல் இறங்கும்.

மரபணு இந்த எண்களை இரண்டு விதமாக மாற்றுகிறது. ஒன்று, நூற்றுக்கணக்கான இடங்களில் உள்ள சின்னச் சின்னத் திரிபுகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளுவது. இன்னொன்று, ஒரே திரிபு பெரிதாகத் தள்ளுவது. எல்டிஎல்லை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பி பழுதாகி, குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இளவயது மாரடைப்பைக் கொண்டுவரும் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் இந்த இரண்டாம் வகை. உலக அளவில் அது 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இருக்கிறது. இனி பார்க்கப்போகும் திரிபுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. நோய் என்று சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை, ஆனால் ஒதுக்கிவிடும் அளவுக்குச் சிறிதும் இல்லை.

செய்தியில் வந்த மூன்று மரபணுக்கள்

1. க்ரெப்ஆர்எஃப். 2016இல் சமோவாவில் 3,072 பேரிடம் நடந்த ஆய்வில் தெரியவந்தது. சமோவா மக்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேரிடம் இந்தத் திரிபின் ஒரு பிரதியாவது இருக்கிறது, பொலினீசியாவுக்கு வெளியே மிக அபூர்வம். ஒவ்வொரு பிரதிக்கும் உடல் நிறை குறியெண், அதாவது பிஎம்ஐ, சுமார் 1.4 கூடுகிறது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 4 கிலோ. அதிசயம் என்னவென்றால், எடையைக் கூட்டும் இதே திரிபு சர்க்கரை நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது. எடை கூடினால் சர்க்கரையும் கூடும் என்று படித்து வந்த பாடத்துக்கு நேர் எதிர். இதைக் கொலஸ்ட்ரால் மரபணு என்று சொல்ல முடியாது. ஆனாலும் பொலினீசியர்களைப் பற்றிய எந்தச் செய்தியிலும் இதுவே முன்னால் வந்து நிற்பதால் சொல்லியாக வேண்டும்.

2. பிடிஎன்எல்9. மரபணு என்பது புரதம் செய்வதற்கான குறிப்பு. இந்தத் திரிபில், அந்தக் குறிப்பின் 218ஆவது இடத்தில் “இத்தோடு நிறுத்து” என்று எழுத்து மாறிவிடுகிறது. ஒரு சட்டையை அளவெடுத்து வெட்டிக்கொண்டு போகும்போது பாதியில் துணி தீர்ந்த மாதிரி, புரதம் முழுசாக உருவாவதில்லை. 2,851 சமோவர்களிடம் இது பிடிபட்டது. பிறகு அமெரிக்க சமோவா, நியூசிலாந்து மக்களிடமும் சரிபார்க்கப்பட்டது. ஒரு பிரதிக்கு எச்டிஎல் 1.6 மில்லிகிராம் குறைகிறது, ட்ரைகிளிசரைடு 12 மில்லிகிராம் கூடுகிறது (எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு). இரண்டுமே விரும்பத்தகாத திசை. கொழுப்புப் போக்குவரத்தில் இந்த மரபணுவுக்கு வேலை இருக்கும் என்று அதற்கு முன் பெரிதாக யாரும் தேடிப் பார்த்ததில்லை.

3. சிஇடிபி. இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எச்டிஎல்லில் உள்ள கொலஸ்ட்ராலை எடுத்து எல்டிஎல் பக்கம் கொடுத்துவிட்டு, அங்கிருந்து ட்ரைகிளிசரைடை வாங்கி எச்டிஎல்லில் போடும் புரதம் இது, கிட்டத்தட்ட ஒரு பண்டமாற்றுத் தரகர். மாவோரி மற்றும் பசிபிக் மக்களிடம் மட்டும் காணப்படும் ஒரு திரிபில், இந்தப் புரதத்தின் 177ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் லூசின் என்ற அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஓர் அமினோ அமிலம்தான். அதனால் தரகரின் வேகம் ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்துவிடுகிறது.

விளைவை எண்ணில் பாருங்கள். ஒரு பிரதிக்கு எச்டிஎல் சுமார் 9 மில்லிகிராம் கூடுகிறது, எல்டிஎல் சுமார் 5 மில்லிகிராம் குறைகிறது. எச்டிஎல் 45 இருந்திருக்க வேண்டியவருக்கு 54 காட்டும். ஒரே அம்மா அப்பாவுக்குப் பிறந்து, ஒரே சமையலைச் சாப்பிடும் அண்ணன் தம்பி இருவரில் ஒருவருக்கு மட்டும் இந்தத் திரிபு வந்திருந்தால், இருவரின் லேப் ரிப்போர்ட்டும் இரண்டு வீட்டுக்காரர்களுடையது போல இருக்கும். உடற்பயிற்சியால் எச்டிஎல்லை 3, 4 மில்லிகிராம் ஏற்றுவதற்கே ஆட்கள் மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள் என்பதை நினைத்தால், ஒற்றைத் திரிபின் இந்த 9 எவ்வளவு பெரிது என்று தெரியும்.

சரி, எச்டிஎல் கூடினால் இதயம் காப்பாற்றப்படுமா? அப்படித்தான் மருந்துக் கம்பெனிகளும் நினைத்தன. சிஇடிபி புரதத்தைத் தடுக்கும் மருந்துகளைச் செய்தார்கள். அவற்றில் முன்னால் வந்த டோர்செட்ராபிப், எச்டிஎல்லை நன்றாகவே ஏற்றியது. ஆனால் அதை எடுத்துக்கொண்டவர்களில் இறப்பு கூடியதால் 2006இல் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. எச்டிஎல்லை மட்டும் ஏற்றும் வேறு சில மரபணுத் திரிபுகளை ஆராய்ந்தபோதும் மாரடைப்பு குறையவில்லை. “நல்ல கொலஸ்ட்ரால்” என்ற பெயர் பாதிதான் பொருத்தம் என்று மேலே சொன்னது இதனால்தான். எண் ஏறுவது வேறு, குழாய் அடைபடாமல் இருப்பது வேறு. ஆகவே இந்தத் திரிபு உள்ளவரை “கொடுத்துவைத்தவர்” என்று இப்போதே சொல்லிவிட முடியாது. எல்டிஎல் குறைவதில் கிடைக்கும் அந்தச் சின்ன ஆதாயத்தையே நான் பெரிதாக மதிப்பேன்.

டோக்கெலாவும் புகாபுகாவும்

இப்போது தேங்காய்க்கு வரலாம். டோக்கெலாவ், புகாபுகா இரண்டும் பூமத்தியரேகைக்குத் தெற்கே உள்ள பவளத் தீவுகள். தண்ணீரைவிடச் சில மீட்டர் மட்டுமே உயர்ந்த மணல் திட்டு, நடுவில் காயல், சுற்றிலும் தென்னை. நெல், கோதுமை எதுவும் விளையாது. தேங்காய், மீன், ஈரப்பலா, குழி வெட்டி வளர்க்கும் சேப்பங்கிழங்கு வகைகள், இவ்வளவுதான் சாப்பாடு.

நியூசிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் இயன் பிரையரும் அவருடைய குழுவும் இந்த இரண்டு தீவுகளையும் ஆராய்ந்து 1981இல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவத்தில் இவ்வளவு சுத்தமான ஒப்பீடு அடிக்கடி வாய்ப்பதில்லை.

டோக்கெலாவில் ஒருவர் சாப்பிடும் மொத்த சக்தியில் 63 சதவீதம் தேங்காயிலிருந்தே வந்தது. புகாபுகாவில் 34 சதவீதம். டோக்கெலாவ் மக்களின் இரத்தக் கொலஸ்ட்ரால், புகாபுகாவைவிட 35 முதல் 40 மில்லிகிராம் அதிகம். தேங்காயில் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்பே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அதே ஆய்வில், இரண்டு தீவிலும் இரத்தக்குழாய் நோய் அபூர்வமாகவே இருந்தது என்றும் எழுதினார்கள்.

தேங்காய் எண்ணெய் விவாதத்தில் இந்தக் கடைசி வரி மட்டும் வெட்டி எடுக்கப்பட்டுப் பயணம் செய்கிறது. கொலஸ்ட்ரால் 35, 40 ஏறியது என்ற வரி கூட வருவதே இல்லை. அந்த மக்களின் சாப்பாட்டில் வெள்ளைச் சர்க்கரை மிகக் குறைவு, விலங்குணவிலிருந்து வரும் கொலஸ்ட்ராலும் குறைவு, வாழ்க்கையோ துடுப்பும் வலையும் மரமேறுவதுமாக இருந்தது. அந்த வாழ்க்கையையும் சேர்த்து வாங்க முடியாதபோது, எண்ணெய் பாட்டிலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அந்த முடிவை எதிர்பார்ப்பது தவறு.

மரபணுக் கேள்விக்கு இந்த ஆய்வு தரும் பதில் இன்னும் முக்கியமானது. இரண்டு தீவுக்காரர்களும் பொலினீசியர்கள், ஒரே வேரிலிருந்து கிளைத்தவர்கள். அச்சில் வார்த்த மாதிரி ஒரே மரபணு என்று சொல்ல மாட்டேன், தீவுக்குத் தீவு திரிபுகளின் அளவு மாறத்தான் செய்யும். ஆனாலும், மேலே பார்த்த பிடிஎன்எல்9 எச்டிஎல்லைத் தள்ளுவது 1.6, சிஇடிபி தள்ளுவது 9. சாப்பாடு மொத்தக் கொலஸ்ட்ராலைத் தள்ளியது 35 முதல் 40. மக்கள்தொகை முழுவதையும் நகர்த்துவதற்கு உணவுக்கு இருக்கும் பலம் இதிலிருந்து தெரிகிறது.

சமோவாவிலும் இதே மாதிரி ஒரு பிரிவினை உண்டு. ஒரே மக்கள், ஒரே மொழி, ஆனால் இரண்டு ஆட்சி: சுதந்திர சமோவா, அமெரிக்க சமோவா. 1990களின் உணவுக் கணக்கெடுப்பில், சுதந்திர சமோவாவில் சாப்பாட்டின் சக்தியில் 46 சதவீதம் கொழுப்பு, அதில் பெரும்பகுதி தேங்காய்ப்பாலின் நிறைவுற்ற கொழுப்பு. அமெரிக்க சமோவாவில் கொழுப்பு 36 சதவீதம்தான். ஆனால் பருமன் அதிகம் இருந்தது அமெரிக்க சமோவாவில். டின் மாட்டிறைச்சியும், மாவும், கப்பலில் வந்த பொட்டலச் சாப்பாடும் அங்கேதான் முதலில் வந்து இறங்கின.

கப்பலில் வருவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வான்கோழியின் வால் பகுதி, பெரும்பாலும் கொழுப்பும் தோலும். அமெரிக்காவில் விலைபோகாததால் பசிபிக் தீவுகளுக்கு மலிவாக அனுப்பப்பட்டது. சமோவா 2007இல் அதன் இறக்குமதியைத் தடை செய்தது. உலக வர்த்தக அமைப்பில் 2012இல் சேர்வதற்காக அந்தத் தடையை நீக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு நாடு தன் மக்களின் இதயத்துக்காகப் போட்ட தடை அது. இதைப் படித்த பிறகும் “எல்லாம் அவர்களின் மரபணு” என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

“சிக்கன மரபணு” என்ற கதை

1962இல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். பஞ்ச காலத்தில் கொழுப்பைச் சேமிக்கத் தெரிந்த உடம்பே பிழைத்தது, அதே உடம்பு இன்று சாப்பாடு மலிந்த காலத்தில் சர்க்கரை நோய்க்கு ஆளாகிறது என்பது அதன் சாரம். நீண்ட கடல் பயணம் செய்த பொலினீசியர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது என்று பிறகு பலர் எழுதினார்கள். க்ரெப்ஆர்எஃப் கிடைத்ததும் “இதோ அந்தச் சிக்கன மரபணு” என்றார்கள். அந்த ஆய்வில், இயற்கைத் தேர்வு அந்தத் திரிபைப் பரவ வைத்திருக்கலாம் என்பதற்கான தடயமும் இருந்தது, மறுக்க வேண்டாம்.

ஆனால் கதையில் இடிக்கும் இடங்கள் இவை:

1. சர்க்கரை நோயை விளக்க வந்த கருத்து அது. கிடைத்த திரிபோ சர்க்கரை நோயைக் குறைக்கிறது.

2. பிடிஎன்எல்9 ஒரு திசையில் தள்ளுகிறது, சிஇடிபி எதிர்த்திசையில். ஒரே இனத்தில் இரண்டும் இருக்கின்றன. ஒரு நோக்கத்தோடு வடிவமைத்த உடம்பு என்பதைவிட, படகில் யார் ஏறினார்கள் என்ற தற்செயலே இதை எளிதாக விளக்குகிறது.

3. திரிபுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே இருக்கின்றன. பருமன் பெருகியது ஒன்றிரண்டு தலைமுறைக்குள்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2006இல் மாவோரி மக்களிடம் ஒரு மரபணுத் திரிபு அதிகம் இருக்கிறது என்ற பேச்சு “போர்வீர மரபணு” என்ற பெயரில் பத்திரிகைகளில் பரவி, ஓர் இனத்தையே வன்முறைக்காரர்களாகக் காட்டியது. அந்தக் காயம் மாவோரி மக்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. மரபணு ஆய்வுக்கு இரத்தம் கொடுங்கள் என்று கேட்டுப் போகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கேட்க முடியும்.

இவ்வளவு தாமதமாக ஏன் தெரிகிறது?

தேடினால்தானே கிடைக்கும். 2021இல் வெளியான, இரத்தக் கொழுப்பு பற்றிய மாபெரும் மரபணு ஆய்வில் சுமார் 16.5 லட்சம் பேர் சேர்க்கப்பட்டார்கள். அதில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். மீதியில் கிழக்காசியர், தெற்காசியர், ஆப்பிரிக்கர், லத்தீன் அமெரிக்கர் என்று குழுக்கள் இருந்தன. பொலினீசியருக்கென்று ஒரு குழு இல்லை. அவர்களிடம் மட்டுமே உள்ள திரிபு, அவர்கள் இல்லாத பட்டியலில் எப்படித் தெரியும்?

விடுபட்டவர்களைச் சேர்ப்பதால் கிடைப்பது அவர்களுக்கு மட்டுமில்லை. அமெரிக்காவின் டல்லாஸில் கறுப்பின மக்களையும் நிறையச் சேர்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். எல்டிஎல்லை உள்ளே இழுக்கும் ஏற்பிகளைக் குறைக்கிற ஒரு புரதத்தைச் செய்வது பிசிஎஸ்கே9 என்ற மரபணு. அதன் ஒரு பிரதி வேலை செய்யாத சிலர் 2005இல் அதில் தென்பட்டார்கள். அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு பெரிய கணக்கில், இத்தகைய திரிபு உள்ள கறுப்பினத்தவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதய நோய் 88 சதவீதம் குறைவு. ஐரோப்பியரிடம் இந்தத் திரிபுகள் மிக அபூர்வம், அவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் லேசில் சிக்கியிருக்காது. பத்தே ஆண்டில், 2015இல், அதே புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்து விற்பனைக்கு வந்தது. இன்று எல்லா இனத்தவரும் அதைப் போட்டுக்கொள்கிறார்கள்.

அப்படியானால் மருத்துவர் என்ன செய்கிறார்?

இந்தத் திரிபுகளைப் பார்த்து இப்போதைக்கு யாருக்கும் மருந்து எழுதுவதில்லை. எல்டிஎல் எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை உண்டா, புகைக்கிறாரா, இவைதான் இன்றும் முடிவு செய்கின்றன. திரிபு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேலை செய்யும்.

நியூசிலாந்து இன்னொரு வழியை எடுத்திருக்கிறது. அந்நாட்டு மக்களின் சொந்தத் தரவிலிருந்தே இதய நோய் வாய்ப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை 2018இல் வெளியிட்டார்கள். அதில் மாவோரி, பசிபிக் மக்கள், இந்தியர் என்று இனமும் ஒரு காரணி. மரபணு, வீட்டுச் சாப்பாடு, மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பிரித்துப் பார்க்க முடியாமல் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. முரட்டு அளவுகோல்தான், ஆனால் ஆபத்தில் இருப்பவரை முன்கூட்டியே கூப்பிட உதவுகிறது. வேறு ஆபத்துக் காரணி இல்லாத ஆண்களுக்கு 45 வயதிலும் பெண்களுக்கு 55 வயதிலும் தொடங்கும் இதயப் பரிசோதனை, மாவோரி மற்றும் பசிபிக் மக்களுக்கு ஆண்கள் என்றால் 30, பெண்கள் என்றால் 40 வயதிலேயே தொடங்க வேண்டும் என்கிறது அந்நாட்டு வழிகாட்டுதல். இதே 30, 40 வரம்பில்தான் தெற்காசியர்களையும் வைத்திருக்கிறார்கள். ஆக்லாந்திலோ வெலிங்டனிலோ குடியிருக்கும் 30 வயதுத் தமிழ் ஆணும் 40 வயதுத் தமிழ்ப் பெண்ணும், சமோவாக்காரப் பக்கத்து வீட்டாருடன் அதே வரிசையில் நின்று இரத்தம் கொடுக்க வேண்டியவர்கள்.